கட்டுக்கு இருபத்தைந்து

முக்கூடல் பீடிக்கடையில்
கட்டுக்கு இருபத்தைந்து.
ஒன்று குறைந்தாலும் செக்கருக்குத் தெரிந்துவிடும்.
என் கன்னத்தில் பதிந்த நாலு விரலை
ஒன்பது வருசமாக யாரும் எண்ணியதில்லை.

எண்ணியவள் ஆவுடைத்தங்கம்.
எதிரே சம்மணமிட்டு இலை வெட்டுகிறவள்.
பேச்சு குறைவு, வாயில் எப்போதும் நூல் நுனி.
ஒருநாள் தலை நிமிராமலே கேட்டாள்:
"இந்த மாசத்துல இது மூணாவதுல்லா?"

கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன்.
"ஒங்க வீட்டுக் கதவு மோதிரம் போட்டிருக்கோ"
என்று மட்டும் சொல்லி
அடுத்த இலையை எடுத்தாள்.

அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்.
"பைய இருளா, பிள்ள வளந்தா சரியாப் போவும்."
பிள்ளை வளர்ந்தாள்,
அப்பா செருப்பைக் கழற்றுகிற சத்தத்தில்
இது எந்த மாதிரி ராத்திரி என்று
சொல்லிவிடுகிற அளவுக்கு.

ஐந்து பேர் ஆளுக்கொரு கட்டு
அன்றாடம் ஒதுக்கத் தொடங்கினார்கள்.
என் பாஸ்புத்தகத்தை வாரம் தவறாமல் அவர் பார்ப்பார்,
அதனால் எல்லாம் ஜொகராவின் கணக்கில் ஏறின.
எனக்கென்று யாரும் சொல்லவில்லை.
சீட்டு என்றார்கள்.
ஏலம் கேட்காமலே எனக்கு விழுந்த சீட்டு.

ஆதார், மகளின் பிறப்புச் சான்று, பி.எஃப். அட்டை,
அம்பை ஆஸ்பத்திரியில் 'வழுக்கி விழுந்தது' என்று
நானே எழுதச் சொன்ன துண்டுச் சீட்டு,
ஒவ்வொன்றாகப் புகையிலைத்தூள் பைக்கு அடியில் கிடந்து
ஆவுடை வீட்டுக்குப் போயின.
இப்போதும் எடுத்தால் தும்மல் வருகிறது.

நூற்று எண்பத்தொன்று.
மூன்றே இலக்கம், அதற்கே விரல் வழுக்கியது.
ஜொகராவின் போனில் ஒரு குரல் முதலில் கேட்டது:
"இப்ப பேசலாமாம்மா? பக்கத்துல யாரும் இருக்காங்களா?"
பேசுவதற்கு முன் என்னிடம்
பேசலாமா என்று கேட்ட குரல்.

செவ்வாய்க்கிழமை
மகளுக்கு யூனிபார்ம் போட்டேன், யாரும் கேட்கக் கூடாதென்று.
கத்தரியை எடுத்து, திரும்ப வைத்தேன்.
அது பையில் இருந்தால்
என் கதையை வேறு மாதிரிச் சொல்லுவார்கள்.
ஆறு பத்து டவுன் பஸ்.
கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்து நீட்டினார்.
எழுத்துக் கூட்டி வாசித்தாள் மகள்:
"சைபர் ரூவாம்மா."

சுத்தமல்லி விலக்கு வந்தது.
எங்கள் பக்கம்
பாதை பிரிகிற இடத்துக்கு விலக்கு என்றுதான் பெயர்.
பிரிந்து போனதற்காக
எந்தப் பாதையையும் யாரும் ஏசியதில்லை.

ஜங்ஷனில் பச்சைச் சேலையில் ஒருத்தி நிற்பாள் என்றார்கள்.
பச்சைச் சேலையில் மூன்று பேர் நின்றார்கள்.
ஒருத்தி மட்டும் மகளின் பையை வாங்கக் கை நீட்டினாள்.

ஏன் இத்தனை வருசம் பொறுத்தாய் என்பார்களே,
அதற்குப் பேட்டை வரும்வரை
பதில் தயாரித்து வைத்திருந்தேன்.
"பிள்ள இட்லி சாப்பிடுவாளா, காரமில்லாம ஏதாவது வேணுமா?"
பதில் வீணாய்ப் போயிற்று.

அன்று படுத்த அறைக்கு
உள்பக்கம் தாழ்ப்பாள்.
எங்கள் வீட்டில் அது வெளிப்பக்கம்.
மூன்று தரம் எழுந்து தொட்டுப் பார்த்தேன்.
இரும்பு குளிர்ந்திருந்தது.
நான் போட்டது போட்டபடி இருந்தது.

பதினோரு நாளாகிறது.
வராந்தாவில் வார்டன் செருப்பைக் கழற்றினால்
மகள் இன்னும் விழித்துக்கொள்கிறாள்.
யாருடைய செருப்பு என்று மெதுவாகச் சொல்கிறேன்.
சில ராத்திரி நம்புகிறாள்.

நாளைக்குள் மனு எழுதித் தர வேண்டும்.
'அவர் அடித்தார்' என்று தொடங்கினேன்.
'அவர்' என்பதை அடித்துவிட்டு
'அவன்' என்று எழுதினேன்.
மை கொஞ்சம் பரவிவிட்டது, வாசிக்க முடிகிறது.

நேற்று ஆவுடை பேசினாள்.
அவன் வந்து வாசலில் நின்று கத்தினானாம்,
எங்கள் ஐந்து பேரின் பரம்பரையையும் இழுத்து.
"என்ன பண்ணுனிய?" என்றேன்.
"என்ன பண்ண? சுத்திக்கிட்டு இருந்தோம்.
நிமுந்து பாத்தா
எண்ணிக்க தப்பிரும்லா."