பதினாறாம் சனல்

கொட்பே துறைமுகத்து றேடியோ அறையில்
எனக்கு இரவு வேலை.
ஒரு மின்விசிறி, ஒரு பதிவேடு,
பிளாஸ்க்கில் ஆறிப்போன பிளேன்ரீ.

இரண்டே காலுக்கு அல்போன்சின் குரல்.
மூன்று நாளாய் எஞ்சின் செத்த படகு.
கூட நசுறுதீன், இன்னும் ஒரு பொடியன்.
திருகோணமலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலொன்று
அவர்களைக் கேட்டுவிட்டது.

'கோ அஹெட்' என்றான் கப்பல்காரன்.

இரைச்சல்.
பிறகு அல்போன்ஸ்:
"முன்னுக்குப் போகட்டாம் தங்கச்சி.
போக ஏலுமெண்டா இவனை ஏன் கூப்பிடுறம்?"

சிரிப்பை விழுங்கினேன்.
அது போ இல்லை அண்ணை,
அஹெட் ஒட்டினால் பேசு எண்டு அர்த்தம்.
பேசுங்கோ.

பேசினான். கேட்டுவிட்டு அவன் 'ஸ்டாண்ட் பை' என்றான்.
"நிக்கச் சொல்றான். எங்க நிக்கிறது?
நீவாடு இழுக்குது."

பள்ளியில் வினைச்சொற்களைத்தான் பாடமாக்கினேன்,
கொடு, ஓடு, பிடி, பார்.
அப், அவுட், ஒன், ஓவ்
அரிசியில் கிடக்கும் கல் மாதிரி.
பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வாசிப்பேன்.
இந்தக் கதிரைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது,
கப்பலைத் திருப்புவது பின்னால் இருக்கும் சின்னப் பலகை.

தண்ணீர் முடிந்துவிட்டதை நான் சொல்லவேண்டும்.
'ரன் அவுட் ஒவ் வோட்டர்.'
சொல்லெண்ணிப் பெயர்த்தால்
அவர்கள் தண்ணீரை விட்டு வெளியே ஓடிவிட்டார்கள்.
நாலு பக்கமும் கடல்.
எங்கே ஓடுவது?

'கான்ட் மேக் யூ அவுட்' என்றான்.
உங்களை அவன் கண்ணுக்குத் தெரியேல்லை அண்ணை,
லைட் அடியுங்கோ.
"போன் லைட்தான் இருக்கு. அதுவும் நாலு வீதம்."
அடியுங்கோ.

கப்பல்காரன் பிலிப்பைன்ஸ்காரன்.
அவனுக்கும் அது கடன் வாங்கிய மொழி.
'ஹாங் ஒன்' என்று தொடங்கி
நடுவில் நின்று, தடவி,
'ஹோல்ட் ஒன்' என்று மாற்றினான்.
தொங்கு என்று சொல்ல அவனுக்கே மனம் வரவில்லைப் போலும்.

கயிறு விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
'ஹோல்ட் ஒன்! ஹோல்ட் ஒன்!' மட்டும் கேட்டது.
பிடியுங்கோ, விடாதேங்கோ, என்றேன்.
பிடியுங்கோ அந்த ஹோல்ட்.
ஓரெழுத்துத் தேறாத அந்த ஒன்னுக்கு
விடாதேங்கோ, விடாதேங்கோ என்று
எத்தனை தரம் சொன்னேனோ.

நாலரைக்குப் பாலையூற்றிலிருந்து எமில்டா போன் எடுத்தா.
அழவில்லை. முறைப்பாடு மாதிரிச் சொன்னா:
"போயிட்டு வாறன் எண்டுதானே சொன்னவர்."

ஓம். நாங்களும் அப்படித்தான்.
போகிறேன் என்று எவரும் படலை தாண்டுவதில்லை,
போவின் வாலில் ஒரு வருவதைக் கட்டித்தான் அனுப்புவோம்.
இதை அந்தப் பிலிப்பைன்ஸ்காரனுக்கு
என்ன சொல்லி விளக்குவேன்?
கோ, கம், இரண்டும் ஒரே வாயில்.
எந்தப் பக்கம் என்று கேட்பான்.

ஐந்து பன்னிரண்டு.
"ஏறிட்டம்."

பதிவேட்டை இங்கிலீசில்தான் நிரப்பவேண்டும்.
'பிக்ட் அப், மூன்று பேர்' என்று எழுதினேன்.
எழுதிய பிறகு பேனா நின்றது.
ஏறி, விட்டோம்.
விட்டது படகை.
வங்கிக் கடன் இன்னும் பதினெட்டு லட்சம் கிடக்கும் படகை
அந்த அரைச் சொல்லுக்குள் மடித்து வைத்து
அல்போன்ஸ் எனக்குச் சொல்லியிருக்கிறான்.
'அப்'பில் அது இல்லை.
பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

கப்பலின் கருவியில் யாரோ அவனைப் பேசவிட்டார்கள்.
"தங்கச்சி, இவன் கடைசியில ஓவர் எண்டவன்.
எல்லாம் முடிஞ்சுதெண்டோ சொல்றான்?"

இல்லை அண்ணை.
ஓவர் எண்டா
இனி மற்ற ஆள் பேசவேணும்.

"அப்ப பேசு."

பொத்தானை அழுத்தியபடி இருந்தேன்.
யன்னலுக்கு வெளியே சீனக்குடா வெளுத்தது.