ஏழாவது தறி

பொதட்டூர்பேட்டையில்
பன்னிரண்டு விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள்
புடவையில் தூளி கட்டி
அவனைத் தூங்கப் போட்டிருந்தேன்.
நகரி தேசம்மாவுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளை.
இந்தச் சத்தத்திலும் தூங்குகிறானே, சமர்த்து என்று
பாவு இறக்க வந்த லாரிக்காரர்
தெலுங்கில் மெச்சிவிட்டுப் போனார்.

சமர்த்தில்லை. கேட்கவில்லை.

கண்டுபிடித்தவர் பால்வாடி டீச்சர் சுலோசனா.
சத்துமாவு உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டு
அவன் முதுகுக்குப் பின்னால் நின்று
எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார்.
மற்றப் பிள்ளைகள் பதினாலும் திரும்பின.
தேசப்பன் மட்டும் மாவைத் தின்றுகொண்டிருந்தான்.

"சீழ் வந்தா நல்லெண்ணெய் காய்ச்சி விடுறேனே" என்றேன்.
அவர் பார்த்த பார்வை
இன்னும் என் மேல்தான் இருக்கிறது.
"ஒண்ணரை வயசு. இப்ப உள்ள போகாத சொல்லு
அப்புறம் வந்தாலும் வாசல்லயே நிக்கும்.
நாளைக்கே கிளம்பு."

திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஆறு வியாழக்கிழமை.
ஆறு நாள் கூலி, பஸ் சார்ஜ்,
முதலாளியிடம் வாங்கிய முன்பணம்,
அதற்கு அவர் பிடித்த வட்டி.
வலது காது திறந்தது.
இடதில் பாதி.

அதற்கப்புறம் பால்வாடியில்
ஒரே படத்தைக் காட்டி ஒரே சொல்லை
நூறு தடவை சொன்னார் டீச்சர்.
ஆடு. ஆடு. ஆடு.
ஒருநாள் குழாயடியில் என்னைப் பார்த்து
"தண்ணி" என்றான்.
எதிர்வீட்டு மங்கம்மாவைப் பார்த்து
"நீள்ளு" என்றான்.
குடம் வழிந்து ஓடியதை
நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை.

கந்துவட்டி எனக்குத் தெரியும்,
அசலையும் விடாது, ஆளையும் விடாது.
இது என்ன கணக்கென்றுதான் தெரியவில்லை.
அந்த ஆறு வியாழனும்
இருபத்திரண்டு வருஷமாக
எனக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

இப்போது கொட்டகை கொட்டகையாகப் போய்
தறி ரிப்பேர் பார்க்கிறான்.
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லுவான்:
"ஏழாவது தறியில நாடா இடிக்குது."
போய்ப் பார்த்தால் இடிக்கும்.
வலது காதைச் சாய்த்தபடி நிற்பான், கோழி மாதிரி.

போன ஞாயிறு அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
எவ்வளவு நேரம் பின்னால் நின்றானோ,
தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன்.
ஒரு கையில் தட்டு.
ஒரு கையில் கரண்டி.

மூணு தடவை தட்டினேம்மா
என்று உதடு அசைந்தது.

வியாழக்கிழமை திருத்தணி போகிறோம்.
பஸ் சார்ஜ் அவனுடையது.