இருமல் மிட்டாய்

மோண்டெவிடியோவில் ஜூலை;
ஆற்றுக் காற்று எலும்புவரை.
மருந்துக்கடைக்குப் போனால்
நஹுவேல் இருமல் மிட்டாயோடுதான் வருகிறான்.
நான்கு டப்பா சேர்ந்துவிட்டது.
ஒருநாளும் இருமியதில்லை.

வயது இருபத்தேழு.
விளக்கணைந்ததும் திரும்பிப் படுத்து
"களைப்பு" என்கிறான்,
சுவரிடம்.
கண்ணாடி முன் நின்று
முதலில் என்னிடம்தான் குறை தேடினேன்.

நேற்று ஒரு மிட்டாயைப் பிரித்து
வாயில் அதக்கிக்கொண்டே கேட்டேன்:
"அந்தக் கடைக்காரியிடம்
எதைக் கேட்கப் போய்
இதைக் கேட்டுத் தொலைக்கிறாய்?"

மாத்தே தேநீர் ஆறிப்போகும்வரை பேச்சில்லை.
பிறகு சொன்னான். பாதி.
மீதி டாக்டருக்கு;
வியாழன், பத்தரை மணி.
நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

இரவு,
சுவருக்கு அவன் முதுகுதான் கிடைத்தது.
இருவர் மூச்சிலும்
யூகலிப்டஸ் வாசம்.