அந்தேதோன் கரையில் ஒரு பங்குக் கணக்கு

நீ கடவுளான அன்று
வலையில் இருபத்து மூன்று மீன்.
பாதியை உனக்கென்று எடுத்துவைத்தேன்,
நாறும்வரை.

புல்லைத் தின்று துள்ளிய மீனைப் பார்த்து
நீயும் ஒரு பிடி தின்றாய்.
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, கிளாக்கோஸ்.
மறுநாள் நானும் தின்றேன். யாரிடமும் சொல்லாதே,
மூன்று நாள் வயிற்றுப்போக்கு.

படகுக் கடன் முழுதும் என் தலையில்.
உன் திமாரெத்தா
கடற்பஞ்சு எடுக்க மூழ்குகிறவன் ஒருவனோடு
யூபோயாவுக்குப் போய்விட்டாள்.
பூசாரி இதை உன்னிடம் மறைக்கச் சொல்கிறான்.

ஆண்டுக்கொரு முறை வருகிறாய்.
தாடியெல்லாம் பாசி,
விலாவில் ஒட்டிய சிப்பிகள்,
இடுப்புக்குக் கீழே நீ இல்லை, வால்.
ஊரே பட்டினி கிடந்து கேட்கிறது:
காற்று திரும்புமா, சூரை வருமா?
சொன்னதெல்லாம் பலிக்கிறது.
சொல்லி முடித்ததும் அழுகிறாய்,
சாவு வரவில்லையே என்று.

எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது,
பல் நான்கு மிச்சம்.
இந்தக் குளிர்காலம் தாண்டுவேனா என்று
உன்னிடம் மட்டும் கேட்கமாட்டேன்.

அடுத்த முறை வந்தால்
படகுக்கு அடியில் வந்து
கொஞ்சம் முதுகைக் கொடு.
ஓட்டை விழுந்த பலகை
உன் பங்குப் பக்கம்தான்.