கொதித்த பிறகு எண்ணுதல்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு ரயில் போய் முடியும்வரை எண்ண முடியாது.
மேசை நடுங்கும், மேசைமேல் மைக்ராஸ்கோப்,
அதற்கடியில் கண்ணாடிச் சில்லில்
தண்ணீரில் கரைந்து வெளிறிய ஒரு துளி சாஸ்.
ஐம்பத்தெட்டு வேகன்.
அதையாவது எண்ணினேன், வாய் சும்மா இருக்காது.

ரயில் போனதும் குச்சிகள் தெரிகின்றன.
கட்டத்துக்கு நான்கு, ஏழு, மூன்று, பதினொன்று.
உருண்டையாய் இருப்பதை விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள்:
கிருமியா, தக்காளித் தோலின் தூளா,
நானூறு மடங்கு பெருக்கிக் கேட்டாலும் சொல்லாது.
கோட்டின்மேல் படுத்திருந்தால்
மேல்கோடும் இடக்கோடும் என் கணக்கு.
மற்ற இரண்டும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

எல்லாம் செத்தவை.
சர்க்கரை, வினிகர், கிராம்பு,
கொப்பரையில் ஒரு மணி நேரக் கொதி.
தட்டில் ஊற்றி இரண்டு நாள் அடைகாத்தால்
ஒரு புள்ளிகூட முளைக்காது.
சுத்தம் என்று தட்டு கையெழுத்துப் போட்டுவிடும்.
கொப்பரைக்குக் கொல்லத் தெரியும், புதைக்கத் தெரியாது.

ஆனாலும் அசைகின்றன.
சேர்ந்த வாரம் உயிர் என்று பயந்து ஓடிப்போய்ச் சொன்னேன்,
ஆய்வகமே சிரித்தது.
தண்ணீர் இடிக்கிறது, அவ்வளவுதான்.

"இன்னா மேடம், லாரி நிக்குது."
கதவிடுக்கில் ஷிப்ட் சூபர்வைசர் தணிகாசலத்தின் பாதி முகம்.
மறுபடி முதல் கட்டத்திலிருந்து எண்ணுகிறேன்.
அதே எண். கொஞ்சம் கூட.

இந்த எண் எங்கே போய் இறங்கும் என்று தெரியும்.
கீழே, பழம் பொறுக்கும் பெல்ட்டில்.
தங்கபுஷ்பம், ஸ்டெல்லா, புதிதாய் வந்த நூருன்னிஸா.
முழங்கைவரை ஈரம், நகக்கண்ணில் விதை.
மதனப்பள்ளிக் கூடைகள் மாதவரம் ரவுண்டானாவில்
விடிய விடிய மழையில் நின்றதை யாரும் எழுத மாட்டார்கள்.
விரல் தவறியது என்று எழுதுவார்கள்.
அரைநாள் கூலி.

சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே
ஸ்டெல்லா நேற்று சொன்னாள்:
"செவ்வாக்கெழமைலேர்ந்து பெல்ட்டு பேய் மாரி ஓடுதுக்கா.
கண்ணு பாத்து கை போறதுக்குள்ள
பழம் பூட்ச்சி."

மணலிப் பக்கம் பகலிலும் சுடர் எரிகிறது.
ஜன்னல் கம்பியில் கரி.
லென்ஸைத் துடைத்துவிட்டு
மூன்றாம் முறையும் பார்த்தேன்,
ஊரின் அழுக்கு இதில் சேர்ந்திருக்குமோ என்று.
இல்லை.

படிவத்தில் எண்ணை எழுதினேன்.
பூஜ்யங்கள் கட்டத்தைத் தாண்டிச் சரிந்தன.
பக்கத்தில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
ஆறு வருடமாக நான் கோடு கிழித்தே விடுவது.
அதில்:
பெல்ட் குமிழ் இப்போது ஐந்தில்.
பெயிண்ட் தேய்ந்திருப்பது மூன்றில்.
காலை 7.40க்கு நேரில் பார்த்தேன்.

தணிகாசலம் வாங்கிக்கொண்டார்.
எண்ணைப் பார்த்தார். பிறகு அதற்குப் பக்கத்தில்.
பிறகு என்னை.
கேட் மணி அடிக்கத் தொடங்கியது.
மேசை நடுங்க இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது.