மாதிரி எண் 41

முஸஃபா முகாம், வெள்ளி மதியம்.
சேஃப்டி ஷூவைக் கழற்றக் கூசினார்
சூசைமாணிக்கம்.
"நாறும் மேடம்."

விரலிடுக்கில் சேற்றுப்புண்.
இடுப்பைச் சுற்றி வளையம் வளையமாய்ப்
படர்தாமரை.
"குளமில்லாத ஊர்ல
இந்த ஒரு தாமரைதான்" என்றார்,
சிரிக்காமல்.

கேள்வி பதினொன்று: துண்டைப் பகிர்வதுண்டா?
"வாஷிங் மெஷினே எட்டுப் பேருக்கு ஒண்ணு."
பன்னிரண்டு: என்ன தடவினீர்கள்?
பக்காலாவில் வாங்கிய ட்யூபைக் காட்டினார்,
அரிப்பை அடக்கிவிட்டுப்
பூஞ்சைக்குச் சோறு போடும் களிம்பு.

சுரண்டிய செதில்
தட்டில் முளைக்க மூன்று வாரம்.
இருபத்தெட்டு டிகிரிப் பெட்டிக்குள்
வெள்ளைப் பஞ்சாய்ப் படர்ந்தது.
முதல் மருந்துக்கு மசியவில்லை.

முடிவு சொல்ல அழைத்தேன்.
ருவைஸில் ஷட்டவுன் வேலையாம்.
அறையில் ஏ.சி. ஓடி நாலு நாளாம்.
"அது எப்படி இருக்கு மேடம்?"

நல்லா இருக்கு
என்று வாய்வரை வந்துவிட்டது.