இதுவரை இல்லை

சாங்கியில், படகுத்துறைக்குத் திரும்பும் வளைவில்
பச்சை மனிதனுக்குப் பதினான்கு விநாடி ஆயுள்.
வெறுங்கையோடு கடக்க எனக்குப் பதினேழு வேண்டும்.
ஐஸ் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு என்றால்
இருபத்து மூன்று.
மிச்சத்தை ஓட்டுநர்களின் நல்ல குணத்தில் கடக்கிறேன்.

நவம்பர் மழையில்
வாடகை சைக்கிள் கடை கோவின் குடையை
ஒரு மணல் லாரியின் கண்ணாடி பறித்துக்கொண்டு போனது.
குடையை மட்டும்.
நடுத்திட்டில் கோ,
கையில் மிஞ்சிய கைப்பிடியோடு நின்றார்,
அதை யாரிடமோ ஒப்படைக்க வந்தவர் போல.

மக்கள் சந்திப்பு இரவில்
எங்கள் வரிசை எண் நாற்பத்தொன்று.
எழுதிக்கொண்ட இளைஞர் மரியாதையானவர்,
மைலோ வேண்டுமா என்றார்.
பிறகு படிவத்திலிருந்து தலை தூக்காமல்,
"அந்த இடத்தில் உயிர்ச்சேதம் ஏதும்?"
கோ என்னைப் பார்த்தார்.
நான் நாசி லெமாக் கடை மஸ்லிண்டாவைப் பார்த்தேன்.
இல்லை என்றால் கோரிக்கை இளைத்துப்போகும்.
உண்டு என்றால் பொய்.
'இதுவரை இல்லை' என்று எழுதச் சொன்னேன்.
அவர் 'இல்லை' என்று மட்டும் எழுதினார்.

விடுபட்ட அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
மூன்று வாரம் ரோட்டோரம் உட்கார்ந்தேன்.

மஸ்லிண்டா தன் விரலிலிருந்து கழற்றித் தந்தார்,
விடியல் தொழுகைக்குப் பின்
இறைநாமம் எண்ணும் சின்னக் கருவி.
கட்டைவிரலின் ஓர் அழுத்துக்கு ஓர் எண்.
விளக்கு மாறிய பிறகும் நுழையும் லாரிக்கு
ஓர் அழுத்து.
காலை ஆறிலிருந்து எட்டு வரை,
நெகிழி முக்காலி, மடியில் பள்ளி நோட்டு.
தூண்டில்காரர்கள் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.
இரண்டு தாளில் மீன் செதில் ஒட்டியிருந்தது,
அப்படியே அனுப்பிவிட்டோம்.

நான்காம் நாள்
ஒரு லாரி ஒழுங்காக நின்றது.
பின்தட்டில் பதினோரு பேர்,
ஒருவர் தோளில் ஒருவர் தூக்கம்.
தூங்காத ஒருவன் எட்டிப் பார்த்தான்.
"அக்கா, என்ன எண்ணுறீங்க?"
லாரி, என்றேன்.
"எங்களையுமா?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.
அதற்குள் வண்டி எகிறியது.
பதினோரு தலையும் ஒரே பக்கம் சாய்ந்து
ஒன்றாக நிமிர்ந்தன.

நின்ற வண்டி, அழுத்த வேண்டியதில்லை.
அழுத்தாமலும் இருக்க முடியவில்லை.
அன்று நோட்டில் அடிக்கோலை வைத்து
இன்னொரு கட்டம் இழுத்தேன்.
தலைப்பு என்ன போடுவது?
'பின்னால்' என்று போட்டேன்.

ஜூனில் கடிதம் வந்தது.
ஆறு விநாடி கூட்டப்படுகிறது.
மஞ்சள் பலகை பரிசீலனையில் உள்ளது.
கடைசிக் கட்டத்தைப் பற்றி ஒரே வரி:
அது வேறு துறை.

புது விளக்கின் முதல் காலை,
புதுக் குடையோடு கோ இறங்கினார்.
பாதி வழியில் நின்று தலையைத் திருப்பினார்.
அங்கிருந்து பார்த்தால்
இரண்டு மரங்களுக்கு நடுவே கடல் தெரியுமாம்.
இருபத்தாறு வருடமாகக் கடக்கிறவர்
அன்றுதான் பார்த்தார்.
"ஜாலான்! ஜாலான்!" என்று கத்தினோம்.
நடப்பதற்கும் சாலைக்கும்
மலாயில் ஒரே சொல்.

என் தள்ளுவண்டிக்கு இன்னும் மூன்று விநாடி பாக்கி.

கருவியைத் திருப்பிக் கொடுத்தபோது
அதில் அறுநூற்று எட்டு இருந்தது.
பூஜ்யமாக்கும் பொத்தான் எனக்குத் தெரியவில்லை.
மஸ்லிண்டாவுக்குத் தெரியும், ஆனால் தொடவில்லை.
மறுநாள் விடியலில்
அறுநூற்று ஒன்பதிலிருந்து தொடங்கினார்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
ஆறு மணிக்கு முக்காலியைப் போட்டுவிடுகிறேன்.
கடைசிக் கட்டத்துக்குக் கருவி தேவையில்லை,
சிவப்பு விழுந்து லாரி நின்றதும்
பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது:
"இன்னைக்குப் பதிமூணு, அக்கா."